சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

எங்கள் பிக்கப் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஓடுகிற வண்டி. ஏறும்போது உரமூட்டை, கோழி எரு, சிமென்ட் என்று எது கிடைக்கிறதோ அது. இறங்கும்போது கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். கைமாறி வந்த டீசல் வண்டிதான் என்றாலும் என்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. மழை ஓய்ந்து மலையில் பனி இறங்கத் தொடங்கிய சமயத்தில், என்ஜினைக் குளிரவைக்கிற திரவமான கூலன்ட் குறைய ஆரம்பித்தது.

குடம் குடமாகக் குறையவில்லை. ரிசர்வ் பாட்டிலில் நடுவில் நின்ற மட்டம் கீழ்க்கோட்டுக்கு வந்தது. ஊற்றினேன், மறுபடி கீழ்க்கோட்டுக்கு வந்தது. வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதுதான் தொல்லை பிடித்த வகை. தரையில் பச்சையாகத் தேங்கி நின்றால் சின்னப் பையன்கூட இடத்தைக் காட்டிவிடுவான். ஒழுகுவது தெரியாமல் மட்டம் மட்டும் இறங்கினால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்.

முதலில் உண்மையிலேயே குறைகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க நின்று என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சமதரையில் பார்ப்பதுதான் கணக்கு. கூலன்ட் சூட்டில் விரியும், ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது அதே மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு வழியாகத் திரும்பி உறிஞ்சப்படும். அதனால் சாயங்காலம் மட்டம் ஏறியும் காலையில் இறங்கியும் தெரிவது இயல்புதான். நான் மார்க்கர் பேனாவால் பாட்டிலில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். ‘குறையற மாதிரி இருக்குது’ என்பதை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது. தேதி போட்ட கோட்டைக் காட்டினால் பேச்சே மாறிவிடும்.

பாட்டிலில் மட்டம் சரியாக இருந்தால் ரேடியேட்டரிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாட்டிலுக்குப் போகிற ஒல்லி ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், ஆறும்போது கூலன்டுக்குப் பதிலாக வெளிக்காற்றைத்தான் இழுக்கும். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் தலை காலியாக இருக்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சூட்டில் மட்டும் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது. துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடி தளர்ந்த நொடியில் உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்துப் பொங்கி முகத்துக்குத்தான் வரும். துணி ஒன்றும் செய்யாது.

சமவெளியில் ஓடுகிற வண்டி இந்த அளவு ஒழுக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் சமாளிக்கும். மலை ஏறுகிற வண்டி சமாளிக்காது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீசல் என்ஜினில் கூலன்டின் வழக்கமான சூடே 85-லிருந்து 95 டிகிரி வரை. அப்படிப் பார்த்தால் ஊட்டிக்குப் போகிற எல்லா வண்டியும் கொதிக்க வேண்டும். கொதிக்காமல் காப்பாற்றுவது அழுத்தம். ரேடியேட்டர் மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். அத்தனை பார் அழுத்தம் ஏறும்வரை மூடி விட்டுக்கொடுக்காது. 0.9 பார் நின்றால் ஊட்டியிலும் வெறும் தண்ணீர் 114 டிகிரிவாக்கில்தான் கொதிக்கும். கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும்.

ஆக, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் வண்டி இழப்பது கூலன்டை மட்டுமல்ல, அந்த அழுத்தத்தையும்தான். குக்கரில் கேஸ்கட் நைந்துபோனால் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பருப்பு வேகாதே, அந்தக் கதைதான். கல்லாறு தாண்டி, பர்லியாறு வழியாக லோடோடு இரண்டாவது கியரில் குன்னூர் ஏறும்போது காற்று வேகமும் கிடைக்காது. வெறுமனே ‘தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டலாம்’ என்பது இந்த ரோட்டில் எடுபடாது.

டேஷ்போர்டு முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. சூட்டை அளக்கிற சென்சார் கூலன்டில் முங்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது ஆவியிலோ காற்றிலோ நின்றுகொண்டு குறைவாகக் காட்டும். என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், முள் பாதிக்குக் கீழே சாதுவாக நிற்கும். ஏற்றத்தில் முள் ஏறி, பிறகு காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது நல்ல சகுனம் இல்லை. ஹீட்டர் உள்ள வண்டியில் ஹீட்டர் காற்று திடீரென்று சில்லிட்டாலும் அதே அர்த்தம். உடனே ஓரங்கட்ட வேண்டும்.

பட்டறையில் காட்டியபோது மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வெளிய ஒழுகலைன்னா உள்ளதான போகோணுமுங்க. ஹெட் கேஸ்கட்டா இருக்கும். ஹெட்டை எறக்கிப் பாத்துரலாங்க” என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்ஜினின் தலைப்பகுதி, அதற்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அவர் சொன்ன காரணத்தில் தப்பில்லை. ஆனால் ஹெட்டை இறக்குவது சின்ன வேலையும் இல்லை, சின்னச் செலவும் இல்லை. இறக்கிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றாலும் கேஸ்கட், போல்ட், லேத் கூலி எல்லாம் நம் தலையில்தான். இறக்குவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய விஷயங்கள் சில உண்டு. அதைப் பார்த்துவிடலாம் என்றேன், அவரும் சரி என்றார்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால் ஆயில் வெளுத்துக் கொழகொழவென்று வரும். எங்களுடையது கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளைப் படலம் தெரிந்தது. மலையில் குளிரில் நிற்கிற வண்டிகளில் ஈரக்காற்று படிந்து அப்படி வருவது உண்டு. குச்சியில் இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைப் புகை விஷயமும் அப்படித்தான். ஊட்டியில் மார்கழிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் புகைவிடும். மேட்டுப்பாளையத்தில் மத்தியான வெயிலில், என்ஜின் சூடேறிய பிறகும் புகை வெள்ளையாக நின்று கலையாமல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது, ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கழுத்துக்குள் பார்ப்பது. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டர் காற்று கூலன்டுக்குள் ஏறி, குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் வருகிற ஒன்றிரண்டு குமிழிகள் கணக்கில்லை. மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல்பக்கம் சேருகிற டாப் ஹோஸை அமுக்கிப் பார்ப்பது இன்னொன்று. என்ஜின் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரிலிருந்து அழுத்தம் வருகிறது என்று பொருள். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. சமீப வருடத்து டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று இருக்கிறது. புகையைத் திருப்பி அனுப்பும் வழியில் கூலன்டால் குளிர்விக்கிற பெட்டி அது. அது உள்ளுக்குள் வெடித்தாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாமல் கூலன்ட் புகையோடு போய்விடும். அதன் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது கரி உலர்ந்துதான் இருந்தது. ஹெட்டை இறக்கும் பேச்சு அதோடு நின்றது.

வெளியே தேடுவது என்று முடிவானதும் வாட்டர் சர்வீஸுக்கு விடலாம் என்றார் எங்கள் கிளீனர் தம்பி. கழுவுவது நல்லதுதான், ஆனால் முதலில் பார்த்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். கூலன்ட் கசிந்து காய்ந்த இடத்தில் பொருக்கு கட்டி நிற்கும். வெள்ளையாகவோ, சாயத்தின் நிறத்திலோ, உப்பு பூத்ததுபோல் தெரியும். கம்ப்ரஸர் தண்ணீரை அடித்துவிட்டால் நமக்குக் கிடைத்த ஒரே தடயமும் போய்விடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு எல்லா ஹோஸ் முனையிலும், சூடேறியதும் கூலன்டுக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் வால்வு உட்கார்ந்திருக்கும் மூடியைச் சுற்றியும், ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேருகிற ஓரத்திலும் பார்த்தோம். வாட்டர் பம்ப்பின் அடிவயிற்றில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சின்ன ஓட்டையைத் தவறாமல் பார்க்க வேண்டும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வரட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சொட்டினால் பம்ப்பை மாற்ற வேண்டும். அந்த ஓட்டையை எபாக்ஸி போட்டு அடைத்த புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். கூலன்ட் பேரிங்குக்குள் போய், பேரிங் ஆடி, ஃபேன் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரியும்.

பாட்டம் ஹோஸ் ரேடியேட்டரோடு சேருகிற இடத்தில் பச்சைப் பொருக்கு இருந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் அட்டையை அடியில் விரித்து வைத்தால் காலையில் அட்டை காய்ந்தே இருந்தது. ஊட்டியில் லோடுக்காக ராத்திரி நிறுத்திய இடத்தில் அதே அட்டையை விரித்தேன். விடியும்போது ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். குளிரில் ரப்பரும் இரும்பும் ஒரே அளவில் சுருங்காது. திருகு வைத்த கிளிப் இறுக்கிய இடத்திலேயே நிற்கும், உள்ளே ரப்பர் ஒடுங்கிவிடும், இடைவெளியில் கசியும். காலையில் என்ஜின் சூடேறியதும் ரப்பர் விரிந்து அதுவாகவே அடைபட்டுவிடும். சூட்டில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் எந்த மெக்கானிக் கண்ணிலும் இது படாது.

கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் போதுமே என்று தோன்றும். ஏற்கெனவே யாரோ முறுக்கி முறுக்கி, கிளிப்பின் பட்டை ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருந்தது. ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்த ரப்பர் உள்ளே, முனையிலிருந்து இரண்டு விரற்கடை வரை, கோடு கோடாக வெடித்திருந்தது. ஹோஸ் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. முனைக்குப் பக்கத்தில் விரலால் அமுக்கினால், நடுப்பகுதியைவிட அங்கே கொழகொழவென்றோ மொறமொறவென்றோ இருந்தால் மாற்றிவிடலாம். புது ஹோஸுக்குத் திருகு கிளிப்புக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப் போட்டேன். ரப்பர் ஒடுங்கினால் அதுவும் கூடவே ஒடுங்கும். குளிர்ப்பக்கம் ஓடுகிற வண்டிக்கு அதுதான் ஏற்றது. அதோடு ரேடியேட்டர் மூடியையும் மாற்றினோம். பழைய மூடியின் ஸ்பிரிங் கையால் அமுக்கினாலே தொளதொளவென்று இறங்கியது.

அப்புறம் கூலன்ட் முன்பைவிட வேகமாகக் குறைந்தது.

கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், பட்டறைக்காரர்களுக்கு இருக்காது. அதுவரை ஹோஸ் முனையும் தொளதொள மூடியும் அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் சரிசெய்ததும் முழு 0.9 பாரும் ஏறி நின்றது. அதுவரை சும்மா இருந்த அடுத்த பலவீனமான இடம் வாய் திறந்தது. ஒரு லீக்கை அடைத்தபின் மட்டம் இன்னும் குறைந்தால், போட்ட ஹோஸைச் சந்தேகப்பட்டுத் திரும்பக் கழற்றுவதற்கு முன், இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்த முறை அட்டையால் பயனில்லை. ஊட்டியிலும் தரை காய்ந்தே கிடந்தது. கிடைத்த ஒரே துப்பு வாசனை. ஏற்றம் ஏறிக் குன்னூரில் டீக்கு நிறுத்தி இறங்கினால், பானெட் பக்கமிருந்து லேசான இனிப்பு வாடை வந்தது. பாகு அடிபிடித்ததுபோல் நெடியில்லாத, மூக்கில் ஒட்டுகிற வாடை. கூலன்ட் ஏதோ சூடான இரும்பில் விழுந்து ஆவியாகிறது, அதனால்தான் தரைக்கு வந்து சேரவில்லை என்று அப்போது புரிந்தது. சூடான இரும்பு என்றால் புகைபோகிற பக்கம்தான். தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

தெரிந்த ரேடியேட்டர் கடையிலிருந்து பிரஷர் டெஸ்டர் வாங்கி வந்தோம். சைக்கிள் பம்ப்போடு ஒரு மீட்டரைச் சேர்த்த மாதிரியான கருவி. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதன் தலையை மாட்டி, கையால் பம்ப் அடித்தால் என்ஜினை ஓட்டாமலே உள்ளே அழுத்தம் ஏறும். இதில் உள்ள வசதி என்னவென்றால், என்ஜின் ஆறிக் கிடக்கும், ஃபேன் சுற்றாது, எதுவும் சிதறாது, ஆவியாகாது. கசிவது கசிந்தபடியே நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மேலே அடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் டேங்க் பிளந்துவிடும். 0.9 வரை அடித்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீ வருவதற்குள் 0.7-க்கு வந்துவிட்டது. கண்ணுக்கு எங்கேயும் ஈரம் இல்லை.

மறுபடி அடித்துவிட்டு, புகைக்குழாய்ப் பக்கம் டார்ச்சைப் பிடித்து, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டேன். என்ஜின் பிளாக்கை ஒட்டி, ஆயில் கூலரிலிருந்து வாட்டர் பம்ப்புக்குத் திரும்புகிற ஓர் இரும்புக் குழாய் போகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் தாங்கியின் கீழ்முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாய். தாங்கியில்தான் ஓட்டை என்று தோன்றும். சொட்டைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினேன். குழாயின் அடிப்பக்கத்தில் நூல் அளவுக்கு ஈரக்கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சாண் தள்ளி, குட்டி ஹோஸ் ஒன்று குழாயில் ஏறுகிற இடம். கிளிப்புக்கு ஒட்டினாற்போல் குண்டூசித் தலை அளவில் கூலன்ட் முளைத்து, கொஞ்சம் பருத்து, உடையாமல் அப்படியே குழாயின் அடியில் வழுக்கிப் போனது. கீழே விழுந்தது தாங்கியின் முனையிலிருந்துதான். சொட்டு விழுகிற இடத்தை வைத்து முடிவெடுத்திருந்தால் தாங்கியைக் கழற்றிக் கேஸ்கட் தேடியிருப்போம். துடைப்பது, காத்திருப்பது, ஈரத்தின் மேல்முனை எது என்று பார்ப்பது, தேடலில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

கூலன்டை வடித்துவிட்டு அந்தக் குட்டி ஹோஸைக் கழற்றினோம். ரப்பர் மூடியிருந்த இடத்தில் குழாயைச் சுற்றித் துரு மோதிரம் போட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்துச் சும்மா அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. வடித்த கூலன்டும் பச்சையாக இல்லை, செம்மண் கரைத்ததுபோல் வந்தது. நாங்கள் வாங்குவதற்கு முன் வண்டிக்குப் பல வருடம் போர்வெல் தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சூட்டில் அது சுண்ணாம்பாகப் படியும், இரும்பை அரிக்கும். கூலன்டின் பெரிய வேலை துருப்பிடிக்காமல் காப்பது. உறையாமல் இருக்கவும், கொதிநிலையை ஏற்றவும் உதவுவது அதற்கு அப்புறம்தான். நம் ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

குழாயை எடுத்துக்கொண்டு போனால், “கேஸ் வெல்டிங் வெச்சுத் தாறேனுங்க, இருநூறு ரூவா குடுங்க போதும்” என்றார் ஒருவர். அவசரத்துக்கு அது சரி. ஆனால் ஓரிடத்தில் பொத்தலாகும் அளவுக்கு அரித்த குழாய் மற்ற இடத்தில் மட்டும் கெட்டியாக இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து புதுக் குழாயே வரவழைத்தோம். ஒரு முனைக்குக் குட்டி ஹோஸ், கிளிப், பம்ப்புக்குள் செருகுகிற முனைக்கு ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவக் கூடாது. கூலன்ட் வழியில் வருகிற இந்த வகை ரப்பர் சாதாரண கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். ஒரு சொட்டு கூலன்டையே தடவிச் செருகினால் போதும். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த அலுமினிய முகத்தை உளியால் சுரண்டாமல், மழுங்கிய தகட்டால் எடுத்துவிட்டு மெல்லிய உப்புத்தாளால் துடைத்தோம். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற சின்ன போல்ட்டுகள் அலுமினியத்தில் உட்காருபவை. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் தலைப்பக்கம் பிடித்து இறுக்கினால் அளவு தப்பாது.

நிரப்புவதற்கு முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓட்டி, வடித்து, வருகிற தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். அலுப்பான வேலை, வேறு வழியில்லை. குடிக்கிற ஆர்.ஓ. கேன் தண்ணீர் போதாதா என்றால், உப்பு குறைவுதான், எவ்வளவு குறைவு என்பது கேனுக்குக் கேன் மாறும். டிஸ்டில்டு வாட்டர் விலை ஒன்றும் அதிகமில்லை. கூலன்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர் போடுகிற சாயம். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. கேனில் ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருந்தால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட் என்றால் கையேடு சொன்ன விகிதத்தில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, கலந்துதான் ஊற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று அப்படியே ஊற்றினால் சூட்டைக் கடத்துவது குறைந்துபோகும்.

ஊற்றிவிட்டு மூடியைப் போட்டு ஓட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. உள்ளே எங்காவது காற்று மாட்டிக்கொண்டிருந்தால் கூலன்ட் சுற்றாது. வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தினோம். ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, அதிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றினோம். பிறகு திருகை இறுக்கி, ஐடிலில் ஓடவிட்டோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் பாட்டம் ஹோஸ் கைக்குச் சூடாகும், ரேடியேட்டர் மட்டமும் ஒரேயடியாக இறங்கும். அந்த நேரத்தில் நிரப்பி, டாப் ஹோஸை நாலு முறை பிசைந்துவிட்டு மூடியைப் போட்டோம். மறுநாள் காலை ஆறியபின் டெஸ்டரை மாட்டி 0.9 அடித்தோம். டீ குடித்து, பேசி, கடையைத் திறக்கும் நேரம் ஆகியும் முள் அசையவில்லை.

வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். முள் ஏறத் தொடங்கி, இன்னும் கூலன்ட் உள்ளே இருக்கிறது என்றால், ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகப் போட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராகக் கொஞ்சம் சூட்டை இழுக்கும். ஓரங்கட்டி, லேசாக ரேஸ் கொடுத்து ஓடவிட்டால் முள் இறங்கலாம். ஆவி வந்துவிட்டால், கூலன்ட் காலியாகிவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டு சும்மா இருக்க வேண்டும். கொதிக்கிற என்ஜினில் பக்கத்து ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுகிற லாரிக்காரர் வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும். ஊசி ஓட்டையில் தூள் போய் அடைந்து ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அது ஓட்டையோடு நிற்காமல் ஹீட்டரின் ஒல்லிக் குழாய்களிலும் ரேடியேட்டர் கோரிலும் போய் உட்காரும் என்பதால், ஊர் சேர்ந்ததும் கழுவித்தான் ஆக வேண்டும். கடையில் டப்பாவில் விற்கிற லீக் அடைக்கும் மருந்துக்கும் இதே பேச்சுதான். நான் வண்டியில் வைத்திருப்பது ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட், ஒரு பாட்டம் ஹோஸ், நாலு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

வடித்த பழைய கூலன்டை சாக்கடையிலோ, பட்டறை வாசலிலோ கொட்ட வேண்டாம். கூலன்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதும் அதே ஆபத்து. நாங்கள் மூடியுள்ள தனிக் கேனில் பிடித்து, மேலே எழுதி, பட்டறைக்குக் கழிவு ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்தோம். ஆயிலோடு கலந்தால் எடுக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்போது பாட்டிலில் மட்டம் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸும் பழையவைதான். முனையில் அமுக்கினால் மொறமொறக்கின்றன. கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரிஜினல் சரக்கு அடுத்த வாரம் வரும் என்றிருக்கிறார்கள். அதுவரை லோடைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஏற்றுகிறோம்.